பழைய மரம் அறுக்கும் மெஷினுக்குப் புது செயினா? கடைக்குப் போகும் முன் பல்லை எண்ணிப் பாருங்கள்!

ஐப்பசி மழை பிடித்து, செய்தியில் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்ற வார்த்தை அடிபடத் தொடங்கியதும், டெல்டாவிலும் கடலூர்ப் பக்கமும் பல வீடுகளில் பரணிலிருந்து ஒரு பொருள் கீழே இறங்கும். மரம் அறுக்கும் மெஷின்!

2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் பண்ருட்டி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. 2016 டிசம்பர் 12-ல் 'வர்தா' சென்னைத் தெருக்களை மரங்களால் அடைத்தது. 2018 நவம்பர் 16-ல் 'கஜா' பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகளைப் புரட்டிப்போட்டது. அரிவாளும் கோடாலியும் வைத்துக்கொண்டு ஆகிற வேலையா அது? அந்த நேரத்து அவசரத்தில் வாங்கியது, பிறகு செகண்ட் ஹேண்டில் கைமாறியது, தாத்தா காலத்திலிருந்தே வீட்டில் கிடப்பது என்று ஊருக்கு ஊர் பழைய மெஷின்கள் இருக்கின்றன.

பெரும்பாலும் இன்ஜினில் பெரிய கோளாறு இருக்காது. பிளக்கைத் துடைத்து, கார்புரேட்டரைக் கழுவி, டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி நாலு இழுப்பு இழுத்தால் உறுமிக்கொண்டு எழுந்துவிடும். மரத்தில் வைத்தால்தான் வண்டவாளம் தெரியும். சீவல் சீவலாக விழ வேண்டிய மரத்தூள், மாவு மாதிரி கொட்டும். ஒரு பக்கமாக இழுக்கும். பாரிலிருந்து புகை வரும். அல்லது செயின் கழன்று தொங்கும்.

"அண்ணே, 18 இன்ச் செயின் ஒண்ணு கொடுங்க."

"என்ன மெஷின் தம்பி?"

"சிவப்பு கலர் மெஷின்ணே."

உதிரிபாகக் கடைகளில் அடிக்கடி நடக்கும் உரையாடல் இது. சிவப்பு நிறத்தில் எத்தனையோ மெஷின்கள் உண்டு. 18 இன்ச் செயின் என்று ஒரே ஒரு செயின் கிடையாது. கடைக்காரர் ஒரு குத்துமதிப்பாக எடுத்துக்கொடுக்க, வீட்டில் வந்து மாட்டிப் பார்த்தால் நீளம் பத்தாது. அல்லது, அதைவிட மோசம்... மாட்டிக்கொள்ளும்!

மாட்டிக்கொள்வது ஏன் மோசம்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஏழு பல் ஸ்ப்ராக்கெட், 3/8 அங்குல செயின், நிமிடத்துக்கு 9,000 சுற்று. இந்தக் கணக்கில் செயின் ஒரு நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர். 72 பல் உள்ள ஒரு செயின் அந்தச் சின்ன பாரை நொடிக்கு 14 தடவைக்கு மேல் சுற்றி வருகிறது. அந்த வேகத்தில், பொருந்தாத ஒரு செயின் காடியைவிட்டு வெளியே வந்தால் அது போகிற திசையில் ஒரு கை இருக்கிறது.

பைக்குக்குத் தெரிந்தது இதற்குத் தெரியவில்லை

பைக் வைத்திருக்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. செயின் தேய்ந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதாது, முன்னும் பின்னும் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து 'செட்'டாக மாற்ற வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். மர மெஷினிலும் அதே கதைதான். இன்ஜினிலிருந்து சுற்றைக் கொடுப்பது ஸ்ப்ராக்கெட். சுற்றை வாங்கி ஓடுவது செயின். அது ஓடுவதற்கான தண்டவாளம், பார். மூன்றும் ஒரே அளவில் பேசினால்தான் வேலை நடக்கும்.

ஆனால், மர மெஷினில் செயினை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம். ஸ்ப்ராக்கெட் என்று ஒன்று உள்ளே இருப்பதையே மறந்துவிடுகிறோம்.

மூணு நூலும் மூன்றேகால் நூலும்

செயினின் முதல் அளவு, பிட்ச். இதை அளக்க ஆசாரிமார்களின் நூல் கணக்கே போதும். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். செயினைப் பக்கவாட்டில் பிடித்தால் ரிவெட்டுகள் வரிசையாகத் தெரியும். அடுத்தடுத்த இரண்டு ரிவெட்டுகளுக்கு இடையில் உள்ள தூரம் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று கூட, ஒன்று குறைய என்று மாறி மாறி வரும். அதனால் மூன்று ரிவெட்டுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவரை அளந்து, அதைப் பாதியாக்கினால் கிடைப்பதுதான் பிட்ச்.

இன்று கைமெஷின்களில் வழக்கத்தில் இருப்பவை முக்கியமாக நான்கு. கால் அங்குலம், அதாவது ரெண்டு நூல். 0.325 அங்குலம், ரெண்டரை நூலுக்குச் சற்று மேல். 3/8 அங்குலம், சரியாக மூணு நூல். கடைசியாக, பெரிய மெஷின்களில் வரும் 0.404 அங்குலம், மூன்றேகால் நூலுக்கு ஒரு மயிரிழை குறைவு.

3/8-க்கும் 0.404-க்கும் உள்ள வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். போதாததற்கு, ஓடித் தேய்ந்த பழைய செயின் ரிவெட் துளைகள் விரிந்து நீண்டிருக்கும். அளவு கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒன்றை அளக்காமல் பத்தை அளக்க வேண்டும். செயினின் அடியில் வரிசையாகத் துருத்திக்கொண்டிருக்கும் பற்களுக்கு 'டிரைவ் லிங்க்' என்று பெயர். காடிக்குள் இறங்கி ஓடுவதும், ஸ்ப்ராக்கெட்டில் மாட்டுவதும் அவைதான். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பல்லின் நுனியிலிருந்து அதற்கு அடுத்த பத்தாவது பல்லின் நுனிவரை டேப் வைத்தால், 0.325 செயினில் 165 மில்லிமீட்டர் வரும். 3/8-ல் 190 சொச்சம். 0.404-ல் 205. இப்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஒரு பொறி இன்னும் இருக்கிறது. 3/8 என்று எழுதிய எல்லாமே ஒன்றல்ல. சிறிய மெஷின்களுக்கும் கரன்ட் மெஷின்களுக்கும் வருவது 'லோ புரொஃபைல்' எனும் குட்டை ரகம். பெரிய மெஷின்களுக்கு வருவது முழு அளவு. இரண்டுமே மூணு நூல்தான். ஆனால், உடல் வாகு வேறு, அவற்றுக்கான ஸ்ப்ராக்கெட் வேறு. பெட்டியில் 3/8 என்று இருந்தாலும் எந்த 3/8 என்று கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

பல்லிலேயே ஜாதகம் இருக்கிறது!

டேப், ஸ்கேல் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பல நல்ல கம்பெனி செயின்களில் அதன் ஜாதகம் பல்லிலேயே அடித்திருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கண் சரியில்லை என்றால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

'ஓரிகன்' செயினில் டிரைவ் லிங்க் மேல் ஓர் எண் இருக்கும். 91 என்றால் 3/8 குட்டை ரகம், 1.3 மில்லிமீட்டர் தடிமன். 20, 21, 22 மூன்றும் 0.325 குடும்பம். தடிமன் முறையே 1.3, 1.5, 1.6. அதேபோல 72, 73, 75 என்பவை முழு அளவு 3/8. 27 என்றால் 0.404.

'ஸ்டில்' கம்பெனியின் முறை வேறு. ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கு முன்னாலும் ஒரு சின்ன மேடு இருக்கிறதல்லவா? அதில் உள்ள எண் பிட்ச்சைச் சொல்லும். 1 என்றால் கால் அங்குலம், 2 என்றால் 0.325, 3 என்றால் 3/8, 4 என்றால் 0.404. குட்டை ரகத்துக்கு மட்டும் 6. டிரைவ் லிங்க்கில் இருக்கும் இன்னோர் எண் தடிமனுக்கு. அங்கே 3 என்றால் 1.3 மில்லிமீட்டர், 6 என்றால் 1.6. மேட்டில் இருக்கும் 6-ம் அடிப்பல்லில் இருக்கும் 6-ம் வேறு வேறு என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

எந்தப் பெயரும் இல்லாமல் சந்தையில் குவிந்திருக்கும் 58 சி.சி சைனா மெஷின்களில் பெரும்பாலும் 0.325 பிட்ச், 1.5 மில்லிமீட்டர். ஓரிகன் கணக்கில் சொன்னால் 21. இதையும் 'பெரும்பாலும்' என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பு வைத்திருந்தவர் எதை மாற்றினார் என்று மெஷின் வந்து சொல்லாது.

உள்ளே போகாத செயின் நல்ல செயின்

இரண்டாவது அளவு, கேஜ். டிரைவ் லிங்க்கின் தடிமன்தான் அது. 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர்கள் வழக்கத்தில் உள்ளவை. பாரின் விளிம்பில் ஓடும் காடியின் அகலமும் இதே அளவில் இருக்க வேண்டும்.

1.5 காடியில் 1.6 செயின் இறங்காது. கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். பிரச்னை அங்கே இல்லை. 1.6 காடியில் 1.3 செயின் சுலபமாக இறங்கிவிடும், ஓடவும் செய்யும். ஆனால் ஆடிக்கொண்டே ஓடும். செயின் ஒரு பக்கம் சாய, வெட்டு வாழைப்பழம் மாதிரி வளையும். கொஞ்சம் அழுத்தினால் காடியைவிட்டு வெளியே குதிக்கும்.

சரியான கேஜ் வாங்கியும் இதே ஆட்டம் இருந்தால், தேய்ந்திருப்பது பார். ஒரு ஸ்டீல் ஸ்கேலை பாரின் பக்கவாட்டில், ஒரு வெட்டும் பல்லோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். வெட்டும் பல் கொஞ்சம் வெளியே நிற்பதால் ஸ்கேலுக்கும் பாருக்கும் நடுவில் சின்ன இடைவெளி தெரிய வேண்டும். செயின் சாய்ந்து, ஸ்கேல் பாரோடு அப்பிக்கொண்டு உட்கார்ந்தால் காடி அகன்றுவிட்டது என்று அர்த்தம். விளிம்பில் பிசிறு மட்டும் தட்டியிருந்தால் தட்டை அரத்தால் ராவிச் சமன் செய்யலாம். காடியே போய்விட்ட பாருக்குப் புது செயின் வாங்குவது வீண் செலவு.

மூன்றாவது, எண்ணிக்கை. இங்கேதான் '18 இன்ச்' கணக்கு கவிழ்கிறது. இன்ச் என்பது பாரின் வெட்டு நீளம். மெஷினின் முன்பக்கத்திலிருந்து பார் நுனிவரை. உள்ளே மறைந்திருக்கும் பகுதி அதில் சேராது. ஒரு கம்பெனியின் 18 இன்ச் பாருக்கு 68 டிரைவ் லிங்க் பிடித்தால், இன்னொன்றுக்கு 72 பிடிக்கும். ஆகவே, பழைய செயினின் பற்களை எண்ணுவதைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை. ஒரு பல்லில் பெயின்ட்டோ நெயில் பாலிஷோ தொட்டு வைத்துவிட்டு எண்ணத் தொடங்கினால், எங்கே ஆரம்பித்தோம் என்ற குழப்பம் வராது.

பழைய செயினே தொலைந்துபோயிருந்தால்? பாரின் வால் பகுதியில், மெஷினுக்குள் போகும் இடத்தில் பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை மூன்றையும் பல கம்பெனிகள் அச்சடித்திருக்கும். கருப்பு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சாக்பீஸைத் தேய்த்தால் எழுத்து எழுந்து வரும்.

பாருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

நீளம் சரியாக இருக்கிறது, காடி சரியாக இருக்கிறது என்பதற்காக எந்த பாரும் எந்த மெஷினிலும் உட்காராது. பாரின் வாலில் ஒரு நீள ஓட்டை, மெஷினின் போல்ட்டுகளுக்காக. கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் ஒரே கம்பெனியின் சின்ன மெஷினுக்கும் பெரிய மெஷினுக்குமே அதன் அகலம் மாறும். செயினை டைட் செய்யும் முனை இறங்க ஒரு துளை. ஆயில் வர ஒரு துளை.

இந்த ஆயில் துளையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். போல்ட் பொருந்தியது, செயின் டைட் ஆனது என்று ஓட்டத் தொடங்குவார்கள். மெஷினிலிருந்து ஆயில் வரும் வாயும் பாரின் துளையும் நேருக்கு நேர் வராவிட்டால் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் காடிக்குப் போகாது. கொஞ்ச நேரத்தில் பாரின் விளிம்பு நீலம் பாய்ந்து நிற்கும். அந்த நீலம், இரும்பு வெந்துபோனதற்கான அடையாளம்.

நுனியில் சின்ன பல்சக்கரம் உள்ள பார் என்றால் அதற்கும் பிட்ச் உண்டு. செயினின் பிட்ச்சோடு அது ஒத்துப்போக வேண்டும். சக்கரம் இல்லாத மொட்டை மூக்கு பாருக்கு அந்தக் கவலை இல்லை, கேஜ் மட்டும் சரியாக இருந்தால் போதும். பழைய மெஷின்காரர்களுக்கு இது ஒரு சலுகை.

சரி, 'ஆயில்' என்றதும் நினைவுக்கு வருவது... ஒர்க்‌ஷாப்பில் வடித்த வேஸ்ட் ஆயிலை ஊற்றும் பழக்கம். மலிவுதான். ஆனால், அதில் மிதக்கும் இரும்புத் துகள் பம்ப்பையும் காடியையும் சேர்த்து அரிக்கும். செயின் சுற்றும்போது அது தெறிப்பது உங்கள் கையிலும் முகத்திலும்தான்.

ஒளிந்திருக்கும் குற்றவாளி

இனி ஸ்ப்ராக்கெட். 72 பல் செயின் ஒரு சுற்று சுற்றி முடிக்க, ஏழு பல் ஸ்ப்ராக்கெட் பத்து தடவைக்கு மேல் சுழல வேண்டும். அப்படியென்றால் செயினின் ஒரு பல் ஒரு முறை உரசும் நேரத்தில் ஸ்ப்ராக்கெட்டின் ஒரு பல் பத்து முறை உரசுகிறது. தேயாமல் என்ன செய்யும்? மூடிக்குள் இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் தடவினாலே தெரியும். பள்ளம் அரை மில்லிமீட்டர் ஆகிவிட்டால் மாற்ற வேண்டும் என்பது ஸ்டில் கம்பெனியின் கணக்கு. இரண்டு செயின் தீர்ந்தால் ஒரு ஸ்ப்ராக்கெட் என்பது பொதுவான நடைமுறை. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புத்தம்புது செயினைப் போட்டால் என்ன ஆகும்? பல் நேராக உட்காராமல் மேலேறி மேலேறி இறங்கும். சில நாளிலேயே புது செயினின் அடிப்பற்கள் சிதைந்து, அது காடிக்குள்ளேயே போக மறுக்கும். 'செயின் டூப்ளிகேட்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். பாவம், அவர் கொடுத்த செயின் நல்ல செயினாகவே இருந்திருக்கும்.

ஸ்ப்ராக்கெட் இரண்டு வகை. கிளட்ச் டிரம்மோடு சேர்ந்தே வருவது ஒன்று. டிரம்மின் மேல் தனி வளையமாக உட்காருவது இன்னொன்று. அதை 'ரிம்' என்கிறார்கள். ரிம் வகையில் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும், செலவு குறைவு. சில மெஷின்களில் கிளட்ச்சைக் கழற்றினால்தான் ஸ்ப்ராக்கெட்டை எடுக்க முடியும். அங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பல மெஷின்களில் கிளட்ச்சுக்கு இடது மரை. வழக்கமாக இறுக்குகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் சுத்தியலை எடுத்தவர்களால் உடைந்த கிராங்க் ஷாஃப்ட்டுகள் ஏராளம்.

பாகமே கிடைக்காத கிழட்டு மெஷினுக்கு?

மெக்கல்லக், ஹோம்லைட் மாதிரியான பெயர்களோடு அறுபது, எழுபது வருடத்து மெஷின்கள் சிலரிடம் இருக்கும். அந்தக் காலத்தில் 7/16, அரை அங்குலப் பிட்ச்சுகளும் புழக்கத்தில் இருந்தன. அதற்குச் செயின் தேடி அலைவதைவிட, மூன்றையும் ஒன்றாக இன்றைய அளவுக்கு மாற்றிவிடுவது நல்லது. மெஷினில் பொருந்தும் 3/8 அல்லது 0.404 ஸ்ப்ராக்கெட் கிடைக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அது கிடைத்த பிறகே பாரும் செயினும். செயினை முதலில் வாங்கிவிட்டு ஸ்ப்ராக்கெட்டைத் தேடுவது, தாலி வாங்கிவிட்டுப் பெண் தேடுவது போல!

ரோலில் இருந்து தேவையான எண்ணிக்கைக்கு வெட்டி, ரிவெட் அடித்துத் தரும் கடையில் 68-ஓ, 71-ஓ எந்த எண்ணிக்கையும் கிடைக்கும். ஆனால், பழைய செயினில் நாலு புதுப் பல்லைச் சேர்த்து நீளமாக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நீண்டுபோனதும் நீளாததும் ஒரே ஸ்ப்ராக்கெட்டில் ஓடாது.

ஆனால் இந்தக் கிழட்டு மெஷின்களில் செலவழிக்கும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். நுனியின் மேல்பாதி மரத்தில் பட்டால் பார் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுப்பவரின் முகத்தை நோக்கி எகிறும். அப்போது செயினை நிறுத்தும் 'செயின் பிரேக்' 1970-களில்தான் பரவலாக வரத் தொடங்கியது. அதற்கு முந்தைய மெஷின்களில் அது கிடையாது. செயின் அறுந்தால் பிடித்து நிறுத்தக் கீழே இருக்கும் சின்னக் கொக்கியும் பழைய மெஷின்களில் உடைந்தே இருக்கும். பிரேக் இல்லாத மெஷினைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், வருகிறவர்களுக்குக் காட்டலாம். தினக்கூலிக்கு ஓர் ஆளை அழைத்து அவர் கையில் அதைக் கொடுப்பது நியாயமே இல்லை.

புழு கற்றுக்கொடுத்த பல்

இத்தனை அளவு பேசும் இந்தப் பல்லுக்கு ஒரு சுவாரஸ்யமான பூர்வீகம் உண்டு. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் பூஃபோர்ட் காக்ஸ், ஒரு மரக்கட்டையைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். விரல் அளவுப் புழு. இடமும் வலமுமாக வாயை அசைத்து, ஈர மரத்தை அனாயாசமாகத் தின்றுகொண்டே போனது. அதுவரை செயினில் இருந்தவை சாதாரண ரம்பத்தைப் போன்ற கூர்ப்பற்கள். அடிக்கடி தீட்ட வேண்டும். காக்ஸ், புழுவின் தாடையைப் போல வளைந்த பற்களை இடம், வலம் என மாற்றி மாற்றி அமைத்தார். 1947-ல் போர்ட்லேண்ட் நகரில் தன் வீட்டின் கீழறையில் கம்பெனி தொடங்கினார். ஓரிகன் செயின் பிறந்த கதை இது. இன்று உங்கள் மெஷினில் ஓடும் செயினையும் உற்றுப் பாருங்கள். ஒரு பல் இடம், ஒரு பல் வலம்.

அரம் வாங்கும்போதும் பிட்ச் வேண்டும். 3/8 குட்டை ரகத்துக்கு 4 மில்லிமீட்டர் வட்ட அரம், 0.325-க்கு 4.8, முழு 3/8-க்கு கம்பெனியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5, 0.404-க்கு 5.5. இடது பல்லுக்கு நாலு இழுப்பு என்றால் வலது பல்லுக்கும் நாலு இழுப்பு.

புது செட் மாட்டும்போது மேலே ஓடும் வெட்டும் பற்கள் பார் நுனியைப் பார்த்திருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டு 'மொக்கை செயின்' என்று திட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. செயினை முந்தின நாள் இரவே ஆயிலில் ஊறப்போடலாம். பாரின் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி டைட் செய்து, அடிப்பக்கம் செயின் தொங்காமல் பாரைத் தொட வேண்டும், கையுறை போட்ட கையால் இழுத்தால் ஓட வேண்டும். மரத்தில் வைக்காமல் இரண்டு, மூன்று நிமிடம் ஓடவிட்டு, இன்ஜினை அணைத்து, ஆறியதும் மறுபடி ஒருமுறை டைட் பார்க்க வேண்டும். புது செயின் முதல் அரை மணி நேரத்தில்தான் அதிகம் தளரும். சூட்டோடு சூடாக இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிட வேண்டும். குளிர்ந்து சுருங்கும் செயின் கிராங்க் ஷாஃப்ட்டையே பதம்பார்த்துவிடும்.